முன்வாசலும் புறவாசலும்

புதிதாக ஓர் ஊருக்குப் போனால், அந்த ஊர்க்காரர் நம்மிடம் முதலில் கேட்கும் கேள்வி, "எதையெல்லாம் பார்த்தீர்கள்?" என்பதுதான். கும்பகோணத்துக்காரர் மகாமகக் குளத்தில் ஆரம்பிப்பார். மதுரைக்காரர் பொற்றாமரைக் குளத்திலிருந்து திருமலை நாயக்கர் மகால் வரை ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு, "இன்னும் ஒரு நாள் தங்கினால்தான் ஊர் பிடிபடும்" என்று முடிப்பார். ஊரைச் சுற்றிக் காட்டுவதும் வீட்டைச் சுற்றிக் காட்டுவதும் ஒன்றுதான். முன்வாசல், திண்ணை, கூடம், பூஜை அறை என்று அழைத்துப் போவார்கள். கூடத்து ஊஞ்சலில் உட்கார வைத்துக் காப்பி கொடுப்பார்கள். விருந்தாளியைப் புறவாசலுக்கு அழைத்துப் போகிறவர் யாரும் இல்லை. அங்கே எச்சில் தொட்டியும் சாம்பல் குவியலும் கிடக்கும். வேலைக்காரர் வருகிற வழியும் அதுதான்.

அமெரிக்காவின் தெற்கே, மிசிசிப்பி நதிக் கரையில் நாச்செஸ் என்று ஒரு பழைய ஊர் இருக்கிறது. அந்த ஊரில் எனக்கு ஒரு நாள்தான் அவகாசம் கிடைத்தது. தங்கியிருந்த விடுதியின் சொந்தக்காரி, தலை நரைத்த வெள்ளைக்கார அம்மாள், காலையில் ஒரு துண்டுக் காகிதத்தில் நான் பார்க்க வேண்டியவற்றை வரிசையாக எழுதிக் கொடுத்தாள். ஸ்டாண்டன் மாளிகை, மெல்ரோஸ் மாளிகை, லாங்வுட் மாளிகை, ஆற்றங்கரை, ஊர்க் கல்லறை, கடைசியில் மேட்டின் விளிம்பில் நின்று சூரியாஸ்தமனம். அழகான கையெழுத்து. அந்தக் காகிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

முதலில் ஊரின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். ஆற்றிலிருந்து சுமார் 200 அடி உயரத்தில் ஒரு செங்குத்தான மண்மேடு. அதன்மேல் நகரம். எதிர்க்கரை லூயிஸியானா மாநிலம். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை சமதரை. ஒவ்வொரு வெள்ளமும் கொண்டுவந்து கொட்டிய வண்டல் பூமி. பருத்திக்கு அதைவிட நல்ல மண் கிடையாது. முதலாளிகள் அந்தப் பள்ளத்தில் பருத்தி விளைவித்தார்கள். காற்றோட்டமான இந்த மேட்டில் மாளிகை கட்டிக்கொண்டார்கள். வயல் ஒரு கரையில், வாழ்வு மறு கரையில். உள்நாட்டுப் போருக்கு முன்னால் அமெரிக்காவின் லட்சாதிபதிகளில் பாதிப் பேர் இந்த ஊரில்தான் இருந்தார்கள் என்று உள்ளூர்க்காரர்கள் பெருமை பேசுவார்கள். அதில் எவ்வளவு நிஜமோ, எவ்வளவு ஊர்ப்பாசமோ! ஆனால் மாளிகைகளைப் பார்க்கிறவனுக்கு அதை நம்பத்தான் தோன்றும்.

போரில் அட்லாண்டா எரிந்தது. விக்ஸ்பர்க் முற்றுகையில் சிதைந்தது. நாச்செஸோ 1862-ல் வடக்குப் படையின் கப்பல்கள் வந்து நின்றதுமே சரணடைந்துவிட்டது. அதனால் மாளிகைகள் பிழைத்தன. போர் முடிந்ததும் செல்வம் போயிற்று. கட்டிடங்கள் மட்டும் மிஞ்சின. ஒரு தலைமுறை, இரண்டு தலைமுறை என்று வறுமையில் கழிந்தது. பிறகு 1932-ல் ஊர்ப் பெண்மணிகள் ஒரு யுக்தி செய்தார்கள். வசந்த காலத்தில் வீட்டைத் திறந்து வைத்து, பாட்டி காலத்துக் குடைப் பாவாடைகளை உடுத்திக்கொண்டு வாசலில் நின்று, காசு வாங்கிக்கொண்டு விருந்தாளிகளுக்கு வீட்டைக் காட்டினார்கள். அதற்கு 'யாத்திரை' என்று பெயரும் வைத்தார்கள். கூட்டம் வந்தது. ஓட்டைக் கூரைகளுக்கு ஓடு மாற்றப் பணம் கிடைத்தது. ஒரு நகரம் தன் முன்வாசலை வைத்தே பிழைத்தது என்றால் அது நாச்செஸ்தான்.

அம்மாளின் பட்டியல்படி முதலில் ஸ்டாண்டன் மாளிகைக்குப் போனேன். பெரிய வெள்ளைத் தூண்கள். உள்ளே தொங்கும் விளக்குகள், ஆள் உயரக் கண்ணாடிகள். பருத்தி வியாபாரி பிரெடெரிக் ஸ்டாண்டன் 1857-ல் இதைக் கட்டி முடித்தார், 1859-ல் இறந்துபோனார். 'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்' என்று நம் ஊரில் சும்மாவா சொன்னார்கள்!

அடுத்தது மெல்ரோஸ். 1840-களில் ஜான் மக்மரன் என்ற வழக்கறிஞர் கட்டியது. இப்போது தேசியப் பூங்கா இலாகாவின் பொறுப்பில் இருக்கிறது. அதன் சாப்பாட்டு அறைக்குள் நுழைந்ததும் நான் அப்படியே நின்றுவிட்டேன். மேஜைக்கு மேலே கூரையிலிருந்து ஒரு பெரிய மரப் பலகை தொங்குகிறது. ஒரு பக்கத்தில் கயிறு. நம் கலெக்டர் கச்சேரிகளில் வெள்ளைக்கார துரையின் தலைக்கு மேல் ஆடிக்கொண்டிருந்ததே, அதே பங்கா! பெயரும் அதேதான். இந்தியாவிலிருந்து ஆங்கிலேயரோடு கப்பலேறிய சொல், மிசிசிப்பிக் கரையிலும் அந்தப் பெயரோடேயே தொங்கிக்கொண்டிருக்கிறது. எஜமானர்கள் சாப்பிட்டு எழுந்திருக்கும் வரை ஓர் அடிமைச் சிறுவன் மூலையில் நின்று கயிற்றை இழுக்க வேண்டும். மேஜையில் என்ன பேசினாலும் அவன் காதில் விழும்; ஆனால் அவனுக்குக் காது உண்டு என்று யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

மெல்ரோஸில் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறார்கள். வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பின்பக்கம் போனால் அடிமைகள் குடியிருந்த கட்டிடங்களும் அப்படியே நிற்கின்றன. வீட்டின் பின்புறம் வரிசையாக மணிகள். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு நாதம். எந்த மணி அடித்தால் யார் ஓட வேண்டும் என்று அவரவருக்குத் தெரியும். அந்த மணிகளுக்குக் கீழே நின்றபோதுதான், அம்மாள் கொடுத்த பட்டியலில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்று எனக்கு முதன்முதலாகத் தோன்றியது.

அன்று பகல் பட்டியலை மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, ஊரின் நடுவிலிருந்து கிழக்கே ஒரு மைல் போனேன். அங்கே ரஸ்தாக்கள் பிரியும் ஓர் இடம் இருக்கிறது. 'கவட்டுச் சாலை' என்று அதன் பெயரைத் தமிழாக்கலாம். பார்க்க அங்கே ஒன்றும் இல்லை. கொஞ்சம் புல், சில தகவல் பலகைகள், சிமெண்டுத் தரையில் பாதி புதைந்த இரும்பு விலங்குகள். அவ்வளவுதான். ஆனால் 1833 முதல் 1863 வரை, 30 ஆண்டுகள், நியூ ஆர்லியன்ஸுக்கு அடுத்தபடியாகத் தெற்கின் மிகப் பெரிய மனிதச் சந்தைகளில் ஒன்று இந்த இடத்தில்தான் நடந்தது.

ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளை இறக்குமதி செய்வதை அமெரிக்கா 1808-லேயே தடை செய்துவிட்டது. ஆனால் பருத்திக்கு ஆள் வேண்டுமே? வர்ஜீனியா, மேரிலாந்து போன்ற பழைய மாநிலங்களில் புகையிலை மண் களைத்துப்போயிருந்தது. அங்கே ஆட்கள் உபரி. அங்கே வாங்கி இங்கே விற்றால் கொள்ளை லாபம். இவ்வாறு உள்நாட்டிலேயே சுமார் 10 லட்சம் பேர் கிழக்கிலிருந்து தென்மேற்கே பெயர்க்கப்பட்டார்கள். ஐசக் பிராங்க்ளின், ஜான் ஆர்ம்பீல்டு என்ற இரண்டு கூட்டாளிகள் இந்த வியாபாரத்தில் பெரும் புள்ளிகள். ஆர்ம்பீல்டு வர்ஜீனியாவில் உட்கார்ந்து கொள்முதல் செய்தார்; பிராங்க்ளின் நாச்செஸில் உட்கார்ந்து விற்றார். சிலர் கப்பலில் வந்தார்கள். மற்றவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டு ஆயிரம் மைல் நடந்தே வந்தார்கள்.

கவட்டுச் சாலையில் ஏலம் கிடையாது. ஜவுளிக் கடை போல நிதானமான வியாபாரம். நடந்து வந்த ஆட்களுக்கு நல்ல உடை கொடுத்து, சுவரோரம் வரிசையாக நிறுத்தி வைப்பார்கள். வாங்க வந்தவர் பல்லைப் பார்ப்பார், முதுகைப் பார்ப்பார், விலை பேசுவார். தாயை ஒருவர் வாங்குவார், மகளை ஒருவர் வாங்குவார்.

ஊருக்கு வெளியே இந்தச் சந்தை வந்ததற்குக் காரணம் ஒன்று உண்டு. முன்பு ஊருக்குள்ளேதான் விற்றுக்கொண்டிருந்தார்கள். 1833-ல் பிராங்க்ளினின் கொட்டடியில் காலரா கண்டது. இறந்தவர்களை அவர் ரகசியமாகப் புதைத்தார், விஷயம் வெளியாயிற்று. ஊரார் கொதித்து எழுந்தார்கள். மனிதர்களை விற்கிறாயே என்று அல்ல. நோயைக் கொண்டுவருகிறாயே என்று! நகர எல்லைக்குள் வெளியூர் வியாபாரிகள் விற்கக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். வியாபாரிகள் எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்க் கடை விரித்தார்கள். ஊர் சுத்தமாயிற்று; வியாபாரமும் கெடவில்லை. புறவாசல் என்று ஒன்றை எதற்காக வைத்திருக்கிறோம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

1863-ல் வடக்குப் படை ஊரைப் பிடித்தது. அந்தப் படையில் சேர்ந்த கறுப்புச் சிப்பாய்கள்தான் கவட்டுச் சாலைக் கொட்டடிகளை இடித்தார்கள். இடித்த மரத்தைக் கொண்டு தங்களுக்குப் பாசறை கட்டிக்கொண்டார்கள். அவர்களில் எத்தனை பேர் அதே சுவரோரம் விலைக்கு நின்றவர்களோ! அந்த முதல் கோடரி வீச்சை எழுத ஒரு நாவலாசிரியன் எந்த விலையும் கொடுக்கலாம்.

இந்த ஊர் அடிமைகளில் ஒருவருடைய கதையை மட்டும் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. கற்பனையாக எழுதினால், 'நம்பும்படியாக இல்லை' என்று பத்திரிகாசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார். நடந்ததாகையால் எழுதுகிறேன்.

மேற்கு ஆப்பிரிக்காவில், இன்றைய கினி தேசத்தில், பூட்டா ஜாலோன் என்ற ராஜ்யம் இருந்தது. அதன் அரசர் மகன் அப்துல் ரஹ்மான் இப்ராஹிமா. படித்தவர், அரபி எழுதுவார், குதிரைப் படைத் தலைவர். 1788-ல், 26-ஆவது வயதில், ஒரு போரிலிருந்து திரும்பும் வழியில் பகைவர் கையில் சிக்கினார். அவர்கள் அவரைக் கப்பல்காரர்களுக்கு விற்றார்கள். கடல் கடந்து நாச்செஸ் வந்து சேர்ந்தார். தாமஸ் ஃபாஸ்டர் என்ற பண்ணைக்காரர் வாங்கினார். 'நான் அரசகுமாரன், என் தந்தை என்னைப் பொன் கொடுத்து மீட்பார்' என்று அவர் சொன்னதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, 'பிரின்ஸ்' என்றே பெயர் வைத்துப் பருத்திக் காட்டில் இறக்கிவிட்டார்கள்.

19 வருஷங்கள் கழிந்தன. 1807-ல் ஒரு நாள், நாச்செஸுக்குப் பக்கத்து ஊர்ச் சந்தையில் அவர் சர்க்கரைவள்ளிக் கிழங்கு விற்றுக்கொண்டிருந்தார். எதிரே குதிரையில் ஒரு வெள்ளைக்காரர் வந்தார். இருவரும் ஒருவரை ஒருவர் உற்றுப் பார்த்தார்கள். வந்தவர் ஜான் காக்ஸ் என்ற கப்பல் வைத்தியர். பல வருஷங்களுக்கு முன் ஆப்பிரிக்கக் கரையில் வழி தவறி, கால் புண்ணோடு சாகக் கிடந்தவரை, இப்ராஹிமாவின் தந்தை தம் அரண்மனையில் மாதக் கணக்கில் வைத்து வைத்தியம் பார்த்து, துணைக்கு ஆள் கொடுத்துக் கடற்கரைக்கு அனுப்பிவைத்திருந்தார். அந்த அரசரின் மகன் இப்போது கிழங்குக் கூடையோடு நிற்கிறார்!

இந்த இடத்தில் நாவலாக இருந்தால் கதை சுபமாக முடிய வேண்டும். காக்ஸும் அப்படித்தான் நினைத்தார். ஃபாஸ்டரிடம் ஓடினார், கேட்ட விலை கொடுப்பதாகச் சொன்னார். ஃபாஸ்டர் விற்க மறுத்துவிட்டார். இவ்வளவு நல்ல வேலைக்காரனை யார் விற்பார்கள்? காக்ஸ் விடாமல் முயன்றார், பலிக்கவில்லை, 1816-ல் இறந்தும் போனார். 1826-ல் உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் ஒருவர், இப்ராஹிமா அரபியில் எழுதிய ஒரு கடிதத்தைத் தலைநகருக்கு அனுப்பினார். அது மொராக்கோ சுல்தான் வரை போயிற்று. சுல்தான் பரிந்து பேசினார். ஜனாதிபதி ஆடம்ஸின் சர்க்கார் தலையிட்டது. 1828-ல் ஃபாஸ்டர் அவரை விடுவித்தார். அதற்கும் ஒரு நிபந்தனை: அமெரிக்காவில் சுதந்திர மனிதனாக வாழக் கூடாது, ஆப்பிரிக்காவுக்கே போய்விட வேண்டும். மனைவி இஸபெல்லாவின் விலையை ஊரார் சந்தா போட்டுக் கட்டினார்கள். பிள்ளைகளையும் பேரப் பிள்ளைகளையும் மீட்பதற்காகக் கிழவர் வடக்கு நகரங்களில் ஊர் ஊராகப் போய்ப் பணம் திரட்டினார். போதவில்லை. 1829-ல் மனைவியோடு கப்பலேறினார். லைபீரியாவில் இறங்கிய சில மாதங்களில் காய்ச்சல் கண்டு இறந்தார். பூட்டா ஜாலோன் மண்ணை அவர் மிதிக்கவே இல்லை. அவர் திரட்டிய பணத்தில் இரண்டு மகன்களின் குடும்பங்கள் பிற்பாடு மீட்கப்பட்டு வந்து தாயோடு சேர்ந்தார்கள். மற்ற பிள்ளைகள் மிசிசிப்பியிலேயே தங்கிப்போனார்கள்.

கவட்டுச் சாலையிலிருந்து திரும்பும்போது ஸ்டேட் தெருவில் ஒரு செங்கல் வீட்டைப் பார்த்தேன். வில்லியம் ஜான்சன் என்ற நாவிதரின் வீடு. 1809-ல் அடிமையாகப் பிறந்தவர். 11-ஆவது வயதில் விடுதலை பெற்றார். தொழில் கற்று, கடைகள் வைத்து, ஊரின் பெரிய மனிதர்களுக்கெல்லாம் சவரம் செய்து பணக்காரர் ஆனார். 1835 முதல் 1851 வரை, 16 வருஷம், அநேகமாகத் தினந்தோறும் நாட்குறிப்பு எழுதினார். கடன் கொடுத்தது, குதிரைப் பந்தயம், மீன் பிடித்தது, ஊர் வம்பு என்று எதையும் விடவில்லை. அந்தக் குறிப்புகள் 1951-ல் புத்தகமாக வந்தபோதுதான், அடிமை யுகத்தில் ஒரு சுதந்திரக் கறுப்பர் எப்படி வாழ்ந்தார் என்று அமெரிக்கா முழுவதும் தெரிந்துகொண்டது.

ஆனால், வாசகர்களே, சரித்திரம் நாம் விரும்புகிறபடி நல்லவர், கெட்டவர் என்று பிரித்துக் கொடுப்பதில்லை. இந்த ஜான்சனும் அடிமைகளை விலைக்கு வாங்கி வைத்திருந்தார். சங்கிலியிலிருந்து தப்பியவருக்கும், அந்த ஊரில் கௌரவம் என்றால் இன்னொருவன் கழுத்துச் சங்கிலியைக் கையில் பிடித்திருப்பதுதான் என்று ஆகியிருந்தது. 1851-ல் நில எல்லைத் தகராறு ஒன்றில் பக்கத்து நிலத்துக்காரர் அவரைச் சுட்டுக் கொன்றார். பார்த்தவர்கள் எல்லோரும் கறுப்பர்கள். சுட்டவரோ தாம் வெள்ளையர் என்று சாதித்தார். வெள்ளையருக்கு எதிராகக் கறுப்பரின் சாட்சி செல்லாது என்பது அன்றைய சட்டம். கொலையாளி விடுதலையானார்.

இன்னொரு சங்கதி. 1930-களில் ஆலிஸன் டேவிஸ் என்ற கறுப்பின அறிஞரும் அவர் மனைவியும், ஒரு வெள்ளைக்கார ஆராய்ச்சித் தம்பதியும் இந்த ஊருக்கு வந்து தங்கினார்கள். ஒருவர் வெள்ளையர் பக்கத்தையும் மற்றவர் கறுப்பர் பக்கத்தையும் ஆராய்ந்தார்கள். இருவரும் சமமாகப் பழகுவதை ஊரார் கண்டால் ஆபத்து. அதற்காக ஒளிந்து மறைந்து சந்திக்க வேண்டியிருந்தது. 1941-ல் அவர்களுடைய புத்தகம் வந்தது. ஊரின் பெயரைச் சொல்லாமல் 'பழைய நகரம்' என்று எழுதினார்கள். அங்கே கண்டதற்கு அவர்கள் கொடுத்த பெயர், 'ஜாதி'. அந்தச் சொல்லை அவர்கள் எந்த தேசத்தைப் பார்த்துக் கடன் வாங்கினார்கள் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

மத்தியான்னத்துக்கு மேல் மறுபடி அம்மாளின் பட்டியலை எடுத்துக்கொண்டு லாங்வுட் போனேன். அங்கேதான் இந்தக் கட்டுரைக்கு விதை விழுந்தது.

ஹாலர் நட் என்ற பருத்தி முதலாளிக்குப் பல தோட்டங்கள். சுமார் 800 அடிமைகள். ஊரிலேயே யாரும் காணாத வீடு ஒன்று கட்ட ஆசைப்பட்டார். பிலடெல்பியாவிலிருந்து சாமுவேல் ஸ்லோன் என்ற சிற்பியை அழைத்தார். எட்டுப் பட்டை வடிவம், 32 அறைகள், உச்சியில் வெங்காயம் போன்ற கோபுரம். 1860-ல் வேலை ஆரம்பமாயிற்று. வடக்கிலிருந்து தச்சர்களும் கொத்தர்களும் வந்தார்கள். மறு வருஷம் போர் மூண்டது. வந்தவர்கள் சுத்தியலையும் உளியையும் வர்ணப் பீப்பாய்களையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஊருக்கு ஓடினார்கள். வெளிச்சுவர் எழும்பிவிட்டது, உள்ளே அடித்தளத்து 9 அறைகளை மட்டும் உள்ளூர் ஆட்களையும் அடிமைகளையும் வைத்து முடித்தார்கள். நட் 1864-ல் நிமோனியாவில் இறந்தார். மனைவி ஜூலியா பிள்ளைகளோடு அந்த அடித்தளத்திலேயே காலம் தள்ளினாள்.

இப்போது போனாலும் அடித்தளத்தில் மேஜை நாற்காலிகளோடு குடித்தனம் நடந்த வீடு. ஒரு மாடி ஏறினால் பச்சைச் செங்கல், வெறும் உத்தரங்கள், சாரப் பலகைகள். தச்சன் வைத்துவிட்டுப் போன சாமான்கள் அங்கேயே இருக்கின்றன. தலையை அண்ணாந்து பார்த்தால் கோபுரத்தின் உள்வயிறு வரை ஒரே சூனியம். மூலையில் ஒரு பழைய மரப் பெட்டி கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றபோது, '1861' என்ற அந்த வருஷம் எனக்குள் மணி போல அடித்தது.

ஏன் என்று சொல்லுகிறேன். என் சொந்த ஊர் திருநெல்வேலிச் சீமையில் ஒரு கரிசல் கிராமம். எங்கள் பூர்விக வீட்டை, 'இது பருத்தி கட்டின வீடு' என்று தாத்தா சொல்லுவார். அமெரிக்காவில் சண்டை வந்தது. தெற்குத் துறைமுகங்களை வடக்குக் கப்பல்கள் அடைத்தன. லங்காஷயர் ஆலைகளுக்குப் பஞ்சு இல்லை. இங்கிலீஷ் வியாபாரிகள் இந்தியப் பருத்தியைத் தேடி ஓடிவந்தார்கள். கரிசல் காட்டுப் பருத்திக்குக் கேளாத விலை வந்தது. மூட்டைகள் தூத்துக்குடிக்கு வண்டி வண்டியாகப் போயின. தாத்தாவின் பாட்டனார் அந்தப் பணத்தில் தேக்குத் தூண் நிறுத்தி முன்கட்டும் பின்கட்டும் எழுப்பினார். 1865-ல் சண்டை முடிந்தது, விலை விழுந்தது, தூண்கள் நின்றுவிட்டன. லாங்வுட்டில் எந்தச் சண்டை சுத்தியலை நிறுத்தியதோ, அதே சண்டைதான் எங்கள் ஊரில் சுத்தியலை எடுக்க வைத்தது!

அதற்கும் முன்னாலேயே ஒரு தொடர்பு உண்டு. 1840-ல் கிழக்கிந்தியக் கம்பெனி, அமெரிக்கத் தெற்கிலிருந்து 10 பருத்தித் தோட்டக்காரர்களைச் சம்பளம் பேசி இந்தியாவுக்கு அழைத்து வந்தது. அமெரிக்க விதையும் பஞ்சு அரைக்கும் யந்திரமும் கொண்டு நமக்குப் பருத்தி வித்தை கற்றுக்கொடுக்க ஏற்பாடு. கோயமுத்தூரில் தாவர நிபுணர் ராபர்ட் வைட் 1842-லிருந்து பல வருஷம் அந்தப் பரிசோதனையை மேற்பார்த்தார். மண்ணும் மழையும் ஒத்துவரவில்லை, எதிர்பார்த்தபடி பலிக்கவில்லை. நம் சம்சாரிகள் பழைய நாட்டுப் பருத்தியையே விதைத்தார்கள். ஆகக்கூடி, இந்த இரண்டு நதிக்கரைச் சீமைகளையும் ஒரே பஞ்சு நூல் வெகு நாளாகக் கட்டியிருக்கிறது.

மாலையில் கல்லறைக்குப் போனேன். 1871-ல் பத்து வயதில் இறந்த ஒரு பெண் குழந்தையின் சமாதி அங்கே இருக்கிறது. குழந்தைக்கு இடி மின்னல் என்றால் பயமாம். அதனால் தாய், சவக்குழிக்குப் பக்கத்திலேயே படிக்கட்டு அமைக்கச் சொன்னாள். புயல் அடிக்கும் இரவுகளில் அந்தப் படியில் இறங்கிப் போய்க் குழந்தையின் தலைமாட்டில் உட்கார்ந்திருப்பாளாம். படிக்கட்டு இன்னும் இருக்கிறது. அதைப் பார்த்துக் கண் கலங்காதவர் கல்நெஞ்சர்தான். நானும் கலங்கினேன். ஆனால் கூடவே கவட்டுச் சாலைச் சுவரோரம் நின்ற தாய்மார்களும் நினைவுக்கு வந்தார்கள். அவர்களுடைய குழந்தைகளுக்கும் இடிக்குப் பயம் இருந்திருக்கும்.

பிறகு, மேட்டிலிருந்து ஆற்றுக்கு இறங்கும் சில்வர் தெரு வழியாகப் படகுத்துறைக்குப் போனேன். ஒரு காலத்தில் சூதாட்டமும் சாராயமும் கத்திக்குத்தும் மலிந்த இடம். நாட்டுப் படகுகளில் சரக்கு கொண்டுவரும் ஓடக்காரர்கள் இங்கே சரக்கையும் விற்று, படகையும் மரத்துக்காக விற்றுவிட்டு, சுமார் 440 மைல் காட்டுப் பாதையில் நாஷ்வில் வரை நடந்தே திரும்புவார்கள். பழைய துறையின் பெரும் பகுதியை ஆறு தின்றுவிட்டது. 1840 மே 7-ஆம் தேதி ஒரு சூறாவளி இங்கே 317 பேரைக் கொன்றது. பெரும்பாலோர் படகுகளில் இருந்தவர்கள். அந்த எண்ணிக்கை முழுமையானதல்ல என்பது சரித்திரக்காரர்களின் கருத்து. தோட்டங்களில் செத்த அடிமைகளை அக்கணக்கில் சேர்ப்பது அன்று வழக்கமில்லை.

இந்த ஊருக்குப் பெயர் கொடுத்த நாச்செஸ் பழங்குடியினரும் கணக்கில் விட்டுப்போனவர்கள்தான். 'மகா சூரியன்' என்று பட்டம் கொண்ட அரசன். அவனுக்குப் பின் அவன் மகனுக்கு அல்ல, சகோதரியின் மகனுக்குப் பட்டம், நம் திருவிதாங்கூர் மருமக்கள் தாயம் போல! 1729-ல் பிரெஞ்சுத் தளபதி ஒருவன் தன் தோட்டத்துக்காக அவர்களுடைய கிராமத்தையே காலி செய்யச் சொன்னான். அவர்கள் கோட்டையைத் தாக்கி 200 பேருக்கு மேல் கொன்றார்கள். பிரெஞ்சுக்காரர்கள் பழி தீர்த்தார்கள். 1731-ல் மகா சூரியனையும் நூற்றுக்கணக்கான ஜனங்களையும் பிடித்துக் கரீபியன் தீவுக்கு அடிமைகளாக அனுப்பினார்கள். ஊரோரத்தில் அவர்களுடைய மண்மேடுகள் புல் முளைத்துக் கிடக்கின்றன.

அஸ்தமனத்துக்கு மேட்டு விளிம்புக்கு வந்து சேர்ந்தேன். அம்மாள் எழுதியது பொய்யில்லை. அவ்வளவு பெரிய ஆறு, அவ்வளவு பெரிய வானம், எதிர்க்கரை வயல்களின் மேல் சிவப்பு. பக்கத்தில் ஒரு கறுப்பினக் குடும்பம் பெஞ்சியில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. 1870-ல் அமெரிக்க செனெட்டின் முதல் கறுப்பின உறுப்பினரானாரே ஹைரம் ரெவெல்ஸ், அவர் இந்த ஊரில் பாதிரியாராக இருந்தவர்தான் என்பது ஞாபகம் வந்தது. இதே ஊரில் 1940-ல் ஒரு நடன மண்டபத்தில் தீப்பிடித்து 209 கறுப்பின ஜனங்கள் மாண்டதும் ஞாபகம் வந்தது.

விடுதிக்குத் திரும்பியதும் அம்மாள் கேட்டாள்: "எல்லாம் பார்த்துவிட்டீர்களா?"

"பார்த்தேன். பட்டியலில் இல்லாத கவட்டுச் சாலையையும் பார்த்தேன்" என்றேன்.

அவள் முகம் வாடும் என்று எதிர்பார்த்தேன். வாடவில்லை. சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது அந்த வழியாகத்தான் தினம் பள்ளிக்கூடம் போவோம். அது என்ன இடம் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. 2021-ல் அதைத் தேசியப் பூங்காவில் சேர்த்தார்கள். இப்போது என் பேரன் எனக்குச் சொல்லிக் கொடுக்கிறான்" என்றாள். பிறகு காகிதத்தை வாங்கி, எல்லாவற்றுக்கும் மேலே இருந்த வெற்றிடத்தில் அந்தப் பெயரையும் எழுதி, என்னிடம் திருப்பிக் கொடுத்தாள்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. எங்கள் பருத்தி வீட்டை நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த வீட்டை வைத்து நான் ஒரு நாவலே எழுதியிருக்கிறேன். வாசகர்களில் சிலர் படித்திருக்கலாம். தேக்குத் தூண், கூடத்து ஊஞ்சல், தாத்தாவின் வெற்றிலைச் செல்லம் எல்லாம் அதில் உண்டு. புறவாசலும் அந்த வீட்டுக்கு இருந்தது. பருத்தி எடுக்கிற நாட்களில், பொழுது சாய்ந்ததும் ஒரு கிழவி அங்கே வந்து எட்டி நிற்பாள். படி ஏற மாட்டாள். ஆச்சி உயரத் தூக்கி ஊற்றுகிற கஞ்சியை ஈயச் சட்டியில் வாங்கிக்கொள்வாள். விரலெல்லாம் பருத்திக் காய் கீறின தழும்பு. என்னைக் கண்டால் மட்டும், "சின்னய்யா, சாப்பிட்டீகளா?" என்று கேட்பாள். அவளுடைய அம்மாவும் அவளுடைய பாட்டியும் அதே இடத்தில் நின்றவர்கள்தானாம்.

நாவலில் அவள் இல்லை. இப்போதாவது எழுதலாம் என்று உட்கார்ந்தால், அவள் பெயர் எனக்குத் தெரியாது. நான் கேட்டதே இல்லை.

சென்ற மாதம் ஊருக்குப் போயிருந்தபோது முதல் வேலையாகப் புறவாசல் வழியாக இறங்கி, அவர்கள் தெருவுக்குப் போய் விசாரித்தேன். நாலைந்து வீடு தள்ளி ஒரு பேத்தி இருக்கிறாளாம். வேலைக்குப் போயிருக்கிறாள், சாயங்காலம் வருவாள் என்றார்கள். அவள் வரும் வரை அந்தத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன்.